திங்கட்கிழமை மனு நாளில் நின்று கேட்ட அதிகாரி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

கடலைக்காடு:
மாவட்ட ஆட்சியர் திங்கட்கிழமைகளில் மக்களிடம் மனு வாங்கும் குறைதீர் கூட்டம் நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தையின் மனு பட்டா மாறுதல் கேட்டு எழுதப்பட்டிருந்தது. மாமா இறந்துவிட்டார் என்று கேட்ட மாத்திரத்தில், வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் வழக்கமான வாசகத்தை எழுதிவிட்டார். முந்தைய மனுக்களும் அவ்வாறே எழுதப்பட்டு, வாரிசுச் சான்று இணைக்கப்படவில்லை என்ற ஒரே பதிலுடன் முடித்து வைக்கப்பட்டிருந்தன. அன்று வட்டாட்சியருக்குக் குறிப்பெழுதத் தொடங்கிய ஆட்சியர், அத்தை நகராமல் நிற்பதைக் கண்டு பேனாவை மூடி வைத்தார். அடுத்தவரை அழைக்கவிருந்த உதவியாளரான தபேதாரையும் நிறுத்திவிட்டு, "மனுவில் இருப்பது இருக்கட்டும், என்ன நடந்ததென்று நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்றார்.

"பட்டா வந்தா வரட்டும் சாமி, வண்டிப்பாதைய மறிச்சு வேலி போட்டுட்டான். கடலை மூட்டைய எந்த வழியா வீட்டுக்குக் கொண்டாருவேன்?" என்றார் அத்தை. படிப்பறியாத அவர், ஆட்சியரின் மேசையிலிருந்த குண்டூசிப் பெட்டியைக் கிணறாகவும் முத்திரை மைப்பெட்டியைக் களமாகவும் வைத்து, பேனாவை எடுத்துக் குறுக்கே வேலியாகப் போட்டார். சுற்றியிருந்த அதிகாரிகள் பதறினார்கள். ஆட்சியரோ அந்தப் பக்கம் எழுந்து வந்து, களத்துக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். பேனாவை அத்தை மேசையில் கிடத்திய அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறை:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கூட்டத்துக்கு 400 மனுக்கள் வருகின்றன என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு 5 நிமிடம் ஒதுக்கினால் 33 மணி நேரத்துக்கு மேலாகும் என்பதை யாராவது கணக்கிட்டீர்களா? உங்கள் அத்தைக்குக் கிடைத்த நேரம், விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்து வரிசையின் கடைசியில் நின்ற யாரோ ஒருவருடையது. ஆட்சியர் காணொலிக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டால் மிச்ச மனுக்களை மாவட்ட வருவாய் அலுவலர்தான் வாங்குவார்.

ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் நான் பணியாற்றியபோது வந்த கோட்டாட்சியர் ஒருவர், மனுதாரரை உட்கார வைத்து, பேரப்பிள்ளைகள் வரை விசாரிப்பார்; கோப்பில் மட்டும் கையெழுத்திட மாட்டார். முதியவர் ஒருவர் வெளியே வந்து, "ஐயா ரொம்ப நல்லாக் கேக்குறாரு, போன வருசமும் இப்படித்தான் கேட்டாரு" என்று என்னிடம் சொன்னார். அவர் பாராட்டினாரா, திட்டினாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்று சக்கரம்:
ஓய்வுபெற்ற ஐயாவுடன் பாதி உடன்படுகிறேன். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த துயரத்துக்குப் பிறகு, வாசலில் காவலர்கள் பையைத் துழாவிய பின்புதான் உள்ளே போக முடிகிறது. மண்ணெண்ணெய் கொண்டு வந்திருப்போமோ என்று பார்க்கப்படும் மனிதராகத்தான் நாம் அதிகாரியின் முன் போய் நிற்கிறோம். எங்கள் ஆட்சியர் மாற்றுத்திறனாளிகளைப் படியேற விடாமல், தாமே முகப்புக்கு இறங்கி வந்தார். என் வண்டியருகே குனிந்து, பெயரைக் கேட்டு, மனுவையும் வாங்கிக்கொண்டார். அதற்குள் புகைப்படக்காரர் கோணம் சரியில்லை என்று கூறவே, ஆட்சியர் மனுவை என் கையில் திருப்பிக் கொடுத்து, மறுபடி நீட்டச் சொன்னார். இரண்டாம் முறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. படம் மறுநாள் நாளிதழில் வந்தது, அதில் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

முன்னாள் எழுத்தர்:
என் அனுபவம் சிறியது: எங்கள் ஊருக்கு வந்த சார் ஆட்சியர் தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்து பேசினார், ரேஷன் அரிசி பற்றிய உண்மை அங்கேதான் வெளிவந்தது. அது கிடக்கட்டும். இங்கே எழுதுவோர் அனைவரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கையை மட்டும் எழுதுங்கள். பட்டாவையும் பாதையையும் ஓய்வூதியத்தையும் சேர்த்து எழுதினால், அந்த மனு வெவ்வேறு பிரிவுகளுக்கு இடையே அலைந்து எங்கும் சேராது. புல எண்ணை (சர்வே எண்) முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தின் நகலை இணையுங்கள், ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். திங்கட்கிழமை நெரிசல் பிடிக்காதவர்கள், 2024 ஜனவரி இறுதியில் தொடங்கிய 'உங்களைத் தேடி, உங்கள் ஊரில்' திட்டத்தின்படி ஆட்சியர் மாதம் ஒருமுறை ஒரு வட்டத்தில் தங்கும் நாளில் போய்ப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியைவிட வயல் வரப்பில் நடக்கும் அதிகாரி அதிகம் கேட்பார் என்பது என் கணிப்பு. ஆனால் அன்றைக்கும் அவரைச் சுற்றிப் பத்துத் துறை அலுவலர்கள் வருவார்கள், ஆகையால் பேச வேண்டியதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கடலைக்காடு:
எழுத்தர் ஐயா, மனு எழுதுவது எப்படி என்று நான் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அத்தைக்கு முன்னால் நின்ற பலரின் மனுக்களை ஆட்சியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உரிய துறைக்குத் தள்ளினார், அவர்களும் குறையின்றித்தான் போனார்கள். ஆளுக்கு 5 நிமிடம் என்று அவர் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. யாரிடம் நிற்க வேண்டும் என்பதை அத்தை நகராமல் நின்றதிலிருந்து கண்டுகொண்டார், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் ஒரே காரணத்துக்காகத் திரும்பிய மனுக்களையும் கூட்டிப் பார்த்தால், அந்தச் சில நிமிடங்கள் அலுவலகத்துக்கு மிச்சமா, செலவா என்பதைத் துறையில் இருந்த நீங்களே சொல்லுங்கள்.

பாதை இன்னும் திறக்கவில்லை. நில அளவர் வந்து அளந்து, அங்கே வண்டிப்பாதை இருப்பதாக அறிக்கை கொடுத்துவிட்டார். வேலி போட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டிருக்கிறார். மூட்டைகளை இப்போதைக்குத் தலைச்சுமையாகக் கிணற்றடி வழியே கொண்டு வருகிறோம். அந்த ஆட்சியர் மாற்றலாகிவிட்டார். அவர் கோப்பில் எழுதிய குறிப்பின் நகலை எந்த அலுவலகத்தில் கேட்டு வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.