டேசுத் தண்ணியில சுண்ணாம்பு போடணுமா, கூடாதா?

புரசைவாசி:
குடியிருப்புல ஹோலி கொண்டாடறவங்களுக்குன்னு ஒரு குறிப்பு எல்லா வாட்ஸ்அப் குழுவிலயும் சுத்துது. "காய்ந்த டேசுப் பூ அரைக்கிலோ, ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு கைப்பிடி சுண்ணாம்பு. எல்லாம் இயற்கை, குழந்தைகள் மேலும் தாராளமாக அடிக்கலாம்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. டேசுங்கறது நம்ம புரசம்பூதான், புரசைவாக்கத்துக்குப் பேர் கொடுத்த மரம். பூவால யாருக்கும் கெடுதல் இல்லை. அதுல எதுக்குய்யா சுண்ணாம்பு?

யமுனைக்கரை:
நிறத்துக்கு. வெறும் பூவை ஊறவெச்சா மஞ்சள்தான் இறங்கும். சுண்ணாம்பு பட்டாத்தான் செம்மஞ்சள். மதுரா பக்கம் பல்தேவ்ல, தாவ்ஜி கோயில்ல நடக்கற ஹுரங்காங்கற வண்ண விழாவுக்குத் தொட்டி தொட்டியா டேசுத் தண்ணி கலக்கறாங்க. அதுல சுண்ணாம்பும் உண்டு, படிகாரமும் உண்டு. அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா? ஆரத்திக்கு மஞ்சள்ல எதைக் கலந்து சிவப்பாக்கறீங்க?

புரசைவாசி:
ஆரத்தித் தண்ணியைப் பீச்சாங்குழல்ல ஊத்தி யாரும் மூஞ்சியில அடிக்கறதில்லை.

கணக்கைப் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணியில சுண்ணாம்பு 1.7 கிராம் அளவுக்குத்தான் கரையும். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 34 கிராம். கைப்பிடி சுண்ணாம்புல மிச்சமெல்லாம் அடியில சேறா உட்காரும். மேல தெளிவா இருக்கற தண்ணிக்கே, காரத்தைக் காட்டற பிஎச் அளவு 12-க்கு மேல. பக்கெட் காலியாகறப்போ பசங்க குழலை அடியில அழுத்தி உறிஞ்சுவாங்க பாருங்க, அந்தக் கடைசி இழுப்புல வர்றது வண்ணமே இல்லை, சுண்ணாம்புக் குழம்பு. அது கண்ணுல விழுந்தா கருவிழி வெந்துடும். வெத்தலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி, கண்ணுல தெறிச்சு, ஆஸ்பத்திரிக்கு வர்ற குழந்தைகளைப் பத்திக் கண் டாக்டர்கள் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க.

யமுனைக்கரை:
வெத்தலையில தடவி வாயிலேயே போட்டுக்கறோம், அது விஷமா? ராத்திரி முழுக்கத் திறந்து வெச்சா காத்துபட்டு மேல ஆடை படியும், காரம் குறையும். பூவுலயே புளிப்பும் இருக்கு, அது கொஞ்சம் முறிக்கும்.

புரசைவாசி:
வெத்தலையில சுண்ணாம்பு கூடினா வாய் வெந்து போகும்னு எங்க பாட்டி காலத்துலேர்ந்து எல்லாருக்கும் தெரியும், உங்களைத் தவிர. ஆடை மேலதான் படியும். அடியில கிடக்கற சேறு ஒரு ராத்திரியில எங்கயும் போகாது.

மாதுங்காவாசி:
சண்டைக்கு நடுவுல செய்முறையையும் சொல்லிடறேன். காய்ந்த பூ 100 கிராம், தண்ணி 2 லிட்டர். கரும்பழுப்பா வெல்வெட் மாதிரி இருக்கற புல்லிவட்டத்தைக் கிள்ளி எறியுங்க, இல்லேன்னா தண்ணி மங்கும். எவர்சில்வர் பாத்திரத்துல அரைமணி கொதிக்கவிட்டு, மூடி ராத்திரி முழுக்க வெச்சுடுங்க. இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம், கறுத்துடும். காலையில பழைய வேட்டித் துணியை ரெண்டா மடிச்சு வடிகட்டணும், இல்லேன்னா இதழ்த் துணுக்கு குழலை அடைக்கும். இன்னும் செம்மை வேணும்னா ஒரு சிட்டிகை சமையல் சோடா. அதோட பிஎச் எட்டுச் சொச்சம்தான்.

யமுனைக்கரை:
சோடாவுல அந்த நிறம் வராது. படிகாரமாவது போடுங்க.

புரசைவாசி:
படிகாரமா! அது சாயப்பட்டறைக்காரங்க பருத்தியில சாயம் பிடிக்கறதுக்குப் போடற சரக்கு. வெறும் டேசுக் கறை துவைச்சு வெயில்ல காயப்போட்டா வெளுக்கும். படிகாரம் போட்டா வெள்ளைக் குர்தா அவ்வளவுதான். சுண்ணாம்பும் படிகாரமும் சேர்ந்தா வெள்ளையா, கொழகொழன்னு வண்டல் இறங்கும், குழல் மூக்கு அடைச்சுக்கும். உங்க குறிப்பு ரெண்டு பக்கமும் தோத்துப்போச்சு.

யமுனைக்கரை:
அது என் குறிப்பு இல்லை. நான் மரபைச் சொன்னேன். மதுராவுல ஹோலி அன்னிக்கு அந்த ஹுரங்காவைப் போய்ப் பார்த்துட்டு வந்து பேசுங்க.

புரசைவாசி:
ஹுரங்கா ஹோலி அன்னிக்கு இல்லை ஐயா. வண்ணம் பூசற துலண்டிக்கு மறுநாள். பெண்கள் ஆண்களைத் தடியால அடிக்கற லட்டமார் ஹோலி பர்சானாவுல வளர்பிறை நவமி, அடுத்த நாள் நந்த்காவ்ல. நாளே தெரியலை, மரபு பேசறீங்க.

தஞ்சாவூர்க்காரன்:
நாளைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். எங்க பக்கம் மாசி மாசம் காமன் பண்டிகை. ஆமணக்குக் கொம்பு நட்டு, வரட்டி, வைக்கோல் அடுக்கி எரிப்போம். வடக்கே பல ஊர்ல ஹோலிகாவுக்கும் ஆமணக்குக் கொம்புதான் நடறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

யமுனைக்கரை:
ஒண்ணே இல்லை. அங்கே எரியறது ஹோலிகா, பிரகலாதனோட அத்தை. இங்கே மன்மதன். கொம்பு ஒண்ணா இருந்தா கதையும் ஒண்ணாயிடுமா?

தஞ்சாவூர்க்காரன்:
அப்போ லாவணிக்காரங்க, மன்மதன் எரிஞ்சானா இல்லையான்னு எரிந்த கட்சி, எரியாத கட்சியாப் பிரிஞ்சு விடிய விடியப் பாடறதெல்லாம் உங்க கணக்குல சேராதா? எங்க ஊர்ப் பண்டிகைன்னாலே உங்களுக்கு இளக்காரம். போன வருஷம் வரட்டியைப் பத்தின விவாத இழையிலயும் இதே பேச்சு.

புரசைவாசி:
வரட்டிக்குத் தனி இழை போடுங்க. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலை. பக்கெட் அடியில இருக்கற சுண்ணாம்பு எங்கே போகும்?

யமுனைக்கரை:
ஒரு கைப்பிடி அதிகம்னா அரைக் கைப்பிடி போடுங்க. அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

புரசைவாசி:
அரைக் கைப்பிடியும் 34 கிராமைத் தொட்டுடும். ஈரச் சுண்ணாம்பை ஒரு கரண்டி எடுத்துத் தராசுல வெச்சுப் பாருங்க. அளவு குறைஞ்சாலும் தெளிஞ்ச தண்ணியோட காரம் அப்படியேதான் இருக்கும். தோல் வறண்டு வெடிக்கும், கண் எரியும். கண்ணுல பட்டா உடனே குழாய்த் தண்ணியில குறைஞ்சது 20 நிமிஷம், இமையை விரிச்சுப் பிடிச்சுக் கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடணும். "இயற்கை"ன்னு எழுதினவங்க இந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதியிருக்கணும்.

மாதுங்காவாசி:
சோடா போட்ட தண்ணியை அன்னிக்கே தீர்த்துடுங்க, நிறம் நிக்காது. வாசல்ல மார்பிள் இருந்தா உடனே கழுவிவிடுங்க.

யமுனைக்கரை:
சோடா, சோடா. தாவ்ஜி கோயில்ல போய்ச் சொல்லுங்க இதை. எங்க குடியிருப்புல வழக்கம்போல சுண்ணாம்புதான்.

புரசைவாசி:
அப்போ பக்கெட்டைச் சுத்தி நிக்கற பசங்களோட அப்பா அம்மாகிட்ட, அடியில கிடக்கறது என்னன்னு முன்கூட்டியே சொல்லிட்டுக் கலக்குங்க. சொல்வீங்களா?

தஞ்சாவூர்க்காரன்:
காமனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.