'டிரை ஐ' நோய்க்கு 'விழிநீர்ப்படலக் குறை': ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நீரிழிவுக் கண்நோய்க் கையேட்டுக்காக ஆங்கிலத்தில் 'டிரை ஐ' (dry eye) எனப்படும் நோய்க்குத் தமிழ்ப் பெயராக ஐயா அவர்கள் 'உலர்கண்' என்ற சொல்லை முன்வைத்திருந்தார்கள். உலர்ந்த, உலர்கிற, உலரும் என முக்காலத்தையும் தன்னுள் அடக்கிய அழகான வினைத்தொகை அது. ஆயினும் நோயின் பெயராக அதை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் கண் பரிசோதனை முகாம்களில் பணியாற்றுபவள் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

தை மாதத்து உறைபனி நாள்களில் இங்கே காற்று வறண்டுவிடும். பகலெல்லாம் அந்தக் காற்றில் கொழுந்து பறித்து, மாலையில் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு விறகடுப்புப் புகையில் சமைக்கும் பெண்கள் முகாமுக்கு வந்து சொல்வது, "கண்ணு உறுத்துது, தண்ணியா கொட்டுது" என்பதுதான். அவர்களிடம் கண் உலர்ந்திருக்கிறது என்றால், "தண்ணி நிக்கவே மாட்டேங்குது, காஞ்சு போச்சுங்கிறீங்களேம்மா" என்கிறார்கள். அது நியாயமான கேள்வி. விழியின் மேல் எண்ணெய்ப்பசையும் நீரும் வழவழப்பான சளிமமும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று பரவியிருக்கிறது. இமையோரச் சுரப்பிகள் அடைபட்டு எண்ணெய்ப்பசை குறையும்போது நீர் விரைவில் ஆவியாகி, அந்த உறுத்தல் தாங்காமல் கண் மேலும் நீரைச் சுரக்கிறது, அந்த நீரோ படலமாக நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

நீரிழிவில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கருவிழியின் நுண்நரம்புகள் தேய்ந்து உணர்ச்சி மங்கிவிடுவதால், கண் சிமிட்டுவதும் நீர் சுரப்பதும் குறைகின்றன. விழிநீர்ச் சுரப்பை அளக்கும் ஷிர்மர் சோதனையில் கீழிமைக்குள் செருகிய தாள் 5 நிமிடத்தில் 5 மி.மீ. கூட நனைந்திருக்காது; நோயாளியோ கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லை என்பார். நீர் கொட்டுபவருக்கும் பொருந்தாமல், வறட்சியை உணராதவருக்கும் பொருந்தாமல் போகும் பெயரைவிட, பழுதுபட்டது எதுவோ அதைச் சொல்லும் பெயரே நமக்கு வேண்டும். 2017-இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் குழு அறிக்கையும் விழிநீர்ப் படலத்தின் சமநிலை குலைவதையே இந்நோயின் இலக்கணமாகக் கொண்டது. எனவே 'விழிநீர்ப்படலக் குறை' என்று முன்மொழிகிறேன். 'கண்ணீர்ப் படலம்' என்று எழுதலாமே என்பார்கள். அழுகையின் சாயல் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதால் தவிர்த்தேன். 'கண் உலர்ச்சி' அறிகுறியின் பெயராக இருக்கட்டும். 'வறள்விழி' என்பதை வைட்டமின் ஏ குறைவால் வரும் நோய்க்கே விட்டுவிடுவோம்.

'சர்க்கரைக் கண்' என்ற பொதுப்பெயரில் நீரிழிவுக் கண்நோய்கள் எல்லாவற்றையும் அடக்கலாம் என்ற கருத்தை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன். சொட்டு மருந்தில் உறுத்தல் அடங்கியதும் 'சர்க்கரைக் கண்' சரியாகிவிட்டது என்று ஒருவர் நம்பி வீட்டில் இருந்துவிட்டால், வலியோ உறுத்தலோ இன்றி வளரும் நீரிழிவு விழித்திரை நோய் அவர் பார்வையைப் பறித்துவிடக்கூடும். இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்த உடனேயே கண்ணின் பாப்பாவை (ஒளி நுழையும் துளையை) விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பதைக் கையேடு தனித் தலைப்பில் சொல்லியாக வேண்டும்.

நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் இடர்க்காரணிகளையும் அதே போலப் பிரித்தே எழுதலாம். நீரிழிவின் கால அளவு, கட்டுப்படாத சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரக நோய், கருவுற்ற நிலை ஆகியவை விழித்திரை நோய்க்கு உரியவை. விழிநீர்ப்படலக் குறைக்கு நீரிழிவோடு முதுமை, மாதவிடாய் நின்ற பருவம், ஓயாமல் திரை பார்த்தல், சிலவகை ஒவ்வாமை மாத்திரைகள், புகை, வறண்ட காற்று ஆகியவை சேரும். 'ஆபத்துக் காரணி' என்பது நோயாளியை வீணாக அச்சுறுத்துவதால் 'இடர்க்காரணி' என்ற ஐயாவின் தேர்வே நன்று.

மேலே சொன்ன, இமையோரத்தில் எண்ணெய்ப்பசை சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகளுக்கு 'இமைநெய்ச் சுரப்பி' என எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் தெரிவியுங்கள்.