ஈமாக்ஸ் 30.1-லிருந்து 29-க்கு இறங்கினால் பொதிகள் எல்லாம் பிழை காட்டுகின்றன

வரிநிரல்:
உபுண்டு 24.04. சோர்ஸிலிருந்து பில்ட் செய்த ஈமாக்ஸ் (உரைத் தொகுப்பி) 30.1, யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள் இருக்கிறது. ஒரு பழைய பொதிக்காக (ஈமாக்ஸில் சேர்க்கும் துணை நிரல்) ஆப்ட் வழியாக 29.3 போட்டேன். டெர்மினலில் ஈமாக்ஸ் என்று அடித்தால் இன்னும் 30.1தான் திறக்கிறது. முழுப் பாதை கொடுத்து 29.3-ஐத் திறந்தால் 'வாய்ட்-ஃபங்ஷன்' (அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்ற) பிழைகள் வரிசையாக வருகின்றன. லோட்-ப்ரிஃபர்-நியூவர் (புதிய கோப்பையே ஏற்றச் சொல்லும் அமைப்பு) போட்டும் பயனில்லை.

ஷெல்தாசன்:
முதல் சிக்கல் பாத் (ஷெல் நிரல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) வரிசை. யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் முன்னால் வருவதால் ஆப்ட் போட்டது கண்ணில் படாது. 30.1-ஐ பில்ட் செய்த ஃபோல்டர் இருந்தால் அங்கே போய் சூடோவுடன் மேக் அன்இன்ஸ்டால் கொடுங்கள். பிறகு 'ஹாஷ் -ஆர்'. இல்லாவிட்டால் ஷெல் பழைய பாதையையே நினைவில் வைத்திருக்கும். டீமன் (பின்னணியில் ஓடும் ஈமாக்ஸ்) ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் ஈமாக்ஸ்கிளையன்ட் அந்த 30.1-லேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

அடைப்புக்குறி:
பிழைகளுக்குக் காரணம் எல்பா ஃபோல்டரில் (நிறுவிய பொதிகள் இருக்கும் இடம்) உள்ள .இஎல்சி கோப்புகள் (கம்பைல் செய்த லிஸ்ப் நிரல்கள்). 30 கம்பைல் செய்தபோது மேக்ரோக்கள் 30-இன் விரிவோடு உள்ளே பதிந்துவிட்டன. அவை கூப்பிடும் ஃபங்ஷன்கள் 29-இல் இல்லை. பழையதில் கம்பைல் செய்தது புதியதில் பெரும்பாலும் ஓடும், எதிர்த்திசைக்கு உத்தரவாதம் கிடையாது. லோட்-ப்ரிஃபர்-நியூவர் பார்ப்பது கோப்பின் நேரத்தை, பதிப்பை அல்ல. .இஎல்சிதான் புதியது, அதையே எடுக்கும்.

எல்பாவை ஒரு நகல் எடுத்துவிட்டு 29.3-ஐ '-க்யூ' உடன் (இனிட் கோப்பை, அதாவது உங்கள் அமைப்புக் கோப்பை, ஏற்றாமல்) திறங்கள். பேக்கேஜ்-இனிஷியலைஸ், அடுத்து பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல் (இது 29.1-இல் வந்தது, 28-இல் தேடாதீர்கள்). பேக்கேஜ்-குவிக்ஸ்டார்ட் (பொதிகளின் தொடக்க நிரல்களை ஒரே கோப்பில் சேர்த்து வேகமாக்கும் வசதி) பயன்படுத்தினால் அதன் .இஎல்சியையும் அழிக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். இஎல்என்-கேஷை (இயந்திரக் குறியாக மாற்றிய நிரல்களின் கிடங்கு) தொட வேண்டாம். பதிப்புக்கு ஒரு துணை ஃபோல்டர் என்று அது தனித்தனியாகவே இருக்கும்.

பழையபதிப்பு:
இனிட் கோப்பையும் பாருங்கள். யூஸ்-பேக்கேஜின் ':விசி' (பொதியைக் கிட் போன்ற களஞ்சியத்திலிருந்து நேரே நிறுவும் கீவேர்ட்) 30-இல்தான் சேர்ந்தது, 29 அதைத் தெரியாத கீவேர்ட் என்று தள்ளும். விச்-கீ, எடிட்டர்கான்ஃபிக் இரண்டும் 30-இல் உள்ளேயே இருந்தவை. 29-க்குத் தனியாக நிறுவ வேண்டும்.

ஆனால் 29.3-இல் நிற்காதீர்கள். ஆர்க் மோடில் இருந்த ஷெல் கட்டளை ஓட்டையை அடைக்கவே 2024 ஜூனில் 29.4 வந்தது. அதை பில்ட் செய்யும்போது நேட்டிவ் கம்பைலேஷனை (லிஸ்பை இயந்திரக் குறியாக மாற்றுவது) கான்ஃபிகரில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். 30-இல் போலத் தானாக வராது. ஜேசானைக் கையாளும் ஜான்சன் நூலகத்தின் டெவ் பொதியும் வேண்டும். அது இல்லாமலும் பில்ட் முடிந்துவிடும், ஆனால் ஜேசான் வேலை லிஸ்பில் நடப்பதால் எக்லாட் (மொழி சர்வரோடு பேசும் பகுதி) மந்தமாகும். ப்ரிஃபிக்ஸை (நிறுவும் இடம்) ஹோமுக்குள் தனி ஃபோல்டராகக் கொடுத்து, '--இனிட்-டைரக்டரி'யால் தனி அமைப்பு வைத்தால் 30.1-ஐ நீக்கவே தேவையில்லை.

வரிநிரல்:
குவிக்ஸ்டார்ட்தான்! அழித்ததும் வாய்ட்-ஃபங்ஷன் எல்லாம் போய்விட்டது. 29.4 பில்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.