கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே ஜெர்மன் படிக்க, அதிகம் செலவில்லாத வழி உண்டா?

சிண்டல்ஃபிங்கன்வாசி:
வணக்கம். கணவர் புளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) ஜெர்மனிக்கு வேலைக்கு வந்தார், கூடவே நானும் வந்தேன். புளூ கார்டு என்பதால் விசாவுக்கு என்னிடம் ஏ1 (ஜெர்மன் மொழியின் முதல் நிலை) சான்றிதழ் கேட்கவில்லை. அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்கக்கூட அவர்தான் ஆபீஸிலிருந்து போன் செய்கிறார். பையனுக்கு ஒன்றரை வயது, கீட்டாவில் (குழந்தைகள் காப்பகம்) இடம் கிடைக்கவில்லை, அதனால் வகுப்புக்குப் போக வழியில்லை. ஒரு மொபைல் ஆப்பில் "நான் ஆப்பிள் சாப்பிடுகிறேன்" வரை வந்திருக்கிறேன். மாதம் 20 யூரோவுக்குள் பி1 வரை (ஏ1, ஏ2 தாண்டி மூன்றாம் நிலை) போக முடியுமா? யூடியூபில் தேடினால் ஆயிரம் பேர் வருகிறார்கள், யாரைப் பார்ப்பது?

மைன்ஸ்காரன்:
ஈசி ஜெர்மன் சேனல். தெருவில் ஆட்களைப் பேட்டி எடுப்பார்கள், ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் சப்டைட்டில் வரும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

லைப்சிக் அக்கா:
அது நல்ல சேனல், ஆனால் ஏ2 தாண்டிய பிறகு. இப்போது பார்த்தால் ஆங்கில வரியைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்களுக்கு வேண்டியது, ஆரம்பத்திலிருந்து பி1 வரை ஒரே வரிசையில் போகும் ஒன்று. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் "நிகோஸ் வேக்" வீடியோ பாடம் அப்படிப்பட்டது, மூன்று நிலையும் இலவசம். ஸ்பெயினிலிருந்து வந்து பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஒரு பையனின் கதை. நடிப்பு சுமார்தான். ஆனால் காட்சிகள் குட்டி குட்டியாக இருக்கும், பிள்ளை தூங்கும் நேரத்துக்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். இன்னொன்று, முதியோர் கல்வி நிலையங்களின் இணையதளமான விஎச்எஸ் லேர்ன்போர்ட்டல். அதுவும் இலவசம், பி2 வரை உண்டு, எழுதி அனுப்பினால் ஆசிரியர் திருத்தித் தருவார். எனக்கு இதுதான் பிடித்தது. தனியாகப் படிக்கிறவருக்குத் தப்பைச் சொல்ல ஆள் இருக்காதே.

அந்த 20 யூரோவை ஆப் சந்தாவுக்குக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் ஒருவரோடு மாதம் ஒருமுறையாவது பேசுவதற்கு வையுங்கள்.

இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். நமக்கு வேற்றுமை புதிதில்லை. "எனக்குக் குளிருகிறது" என்பதை அவர்களும் "எனக்கு" போட்டுத்தான் சொல்கிறார்கள்: மிர் இஸ்ட் கால்ட். "வைல்" (ஏனென்றால்), "டாஸ்" (என்று) வந்தால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போகும், ஆங்கிலக்காரர்கள் திணறும் இடம், நமக்கோ வீட்டுப் பழக்கம். பால்தான் தொல்லை. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி அஃறிணை! அதற்குக் குறுக்குவழி கிடையாது, பால் காட்டும் முன்சொற்களான டெர், டீ, டாஸோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். சொல் அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் அங்கி செயலி உதவும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு.

ஃபிராங்க்ஃபர்ட் குமரன்:
அக்கா சொல்வது சரி, ஆனாலும் வீட்டிலேயே உட்கார்ந்து பி1 வரை போவது எல்லோருக்கும் ஆகிற காரியம் இல்லை. குடியேறியவர்களுக்கான அரசு வகுப்பான இன்டெக்ராட்சியோன்ஸ்குர்ஸில் மொழிக்கு 600 மணி, நாட்டைப் பற்றி 100 மணி. சில இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

சிண்டல்ஃபிங்கன்வாசி:
எல்லோருக்கும் நன்றி, விசாரிக்கிறேன். அக்கா, பரீட்சைக்குப் புத்தகம் வாங்கியே ஆக வேண்டுமா?

லைப்சிக் அக்கா:
மாதிரித் தாள்கள், தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் தளத்திலேயே இலவசம். அவர்களுடைய பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம், அதனால் பயப்படாதீர்கள்.

பாடப்புத்தகம் வேண்டுமென்றால் பழைய பொருள் விற்கும் தளமான க்ளைன்அன்சைகனில் பழையது வாங்குங்கள். பயிற்சிப் பக்கங்களை முன்பே யாராவது நிரப்பியிருக்கிறார்களா என்று படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஹூபர் பதிப்பகத்தின் புத்தகங்களுக்கு ஆடியோ அவர்கள் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, சிடி இல்லை என்று விட்டுவிட வேண்டாம்.

கேட்டுப் பழக, பையனோடு சேர்ந்து "சென்டுங் மிட் டெர் மவுஸ்" என்ற சிறுவர் டிவி நிகழ்ச்சியைப் பாருங்கள். 1971 முதல் ஓடுகிறது, பேச்சு தெளிவாக இருக்கும். பி1 நெருங்கும்போது டாய்ச்ச வெல்லேயின் மெதுவாக வாசிக்கும் செய்தி, எழுத்து வடிவமும் கூடவே உண்டு. இதெல்லாம் படித்தும் பேக்கரி அம்மா சொல்வது புரியவில்லையா? அது ஷ்வேபிஷ், உங்கள் பகுதியின் வட்டார வழக்கு, லைப்சிக்கில் இருக்கும் எனக்கும் புரியாது.

சிண்டல்ஃபிங்கன்வாசி:
சரிக்கா, இன்றே தொடங்குகிறேன். நூலக அட்டைக்குக் காசு உண்டா?

லைப்சிக் அக்கா:
பெரியவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இலவசம். முதலில் பையன் பெயரில் ஒன்று எடுத்துப் படப்புத்தகம் வாங்கி வாருங்கள்.