25 ஸ்னோடிராப் கிழங்கு நட்டேன், 4தான் முளைத்தது

ஈரமண்:
தோட்டத்து ஹேசல் மரத்தடி முழுக்க ஸ்னோடிராப் (குளிர்கால முடிவில் தலை கவிழ்ந்து பூக்கும் சின்ன வெள்ளைப் பூ) பூக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இலையுதிர் காலத்தில் பாக்கெட்டில் வந்த 25 கிழங்கை நட்டேன். பிப்ரவரியும் வந்துவிட்டது, நான்குதான் தலைகாட்டியிருக்கின்றன. தோண்டிப் பார்த்தால் மற்றதெல்லாம் பூண்டுத் தோல் மாதிரி சருகாகக் கிடக்கிறது. தண்ணீர் போதவில்லையா? அப்புறம், பெயருள்ள வகைகளைச் சேர்க்க எதில் தொடங்கலாம்?

இலைமக்கு:
தப்பு உங்களுடையது இல்லை. இந்தக் கிழங்கு வெங்காயம் மாதிரி காய்ந்து கிடந்து தாக்குப்பிடிக்காது. பாக்கெட்டிலேயே உயிர் போயிருக்கும். நானும் இரண்டு வருடம் இப்படி இழந்த பிறகுதான் வழியை மாற்றினேன். பூ வாடியதும், இலை பச்சையாக இருக்கும்போதே கொத்தாக வாங்கி அன்றைக்கே நட்டுவிடுங்கள். காம்பை உற்றுப் பாருங்கள்: அடிப்பகுதி வெள்ளை, மேலே பச்சை. வெள்ளை முடிகிற இடம் வரை மண்ணுக்குள் போக வேண்டும். மக்கிய இலை கலந்த மண் போதும். இலை தானாக மஞ்சளாகிச் சாயும் வரை வெட்டவே வேண்டாம், அடுத்த வருடப் பூவுக்கான சத்தை அதுதான் சேர்க்கிறது.

தொடங்க எஸ். ஆர்நாட் என்ற வகை. நன்றாகப் பெருகும், வெயில் பட்டால் தேன் வாசனை வரும். அடுத்தது மேக்னட், பூக்காம்பு நூல் மாதிரி நீளம், லேசான காற்றுக்கே ஆடும். என் மனசுக்கு நெருக்கமானது அதுதான்.

மண்புழு:
பெயர் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். என்னுடையதைப் பறவைகள் பிடுங்கிப் போட்டதில் ஆறு வகைக்குப் பெயர் தொலைந்தது. இப்போது நோட்டில் படம் வரைந்து வைக்கிறேன். இன்னொன்று, காட்டில் தோண்டி எடுத்த கிழங்கை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஸ்னோடிராப் இனம் முழுவதும், காட்டுச் செடி, விலங்குகளின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2-ஆம் பட்டியலில் இருக்கிறது.

ஈரமண்:
ரொம்ப நன்றி. நான்கில் ஒன்று இன்று காலை விரிந்துவிட்டது! தரையில் முட்டி போட்டு பூவை நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளிதழ் நுனியில் மட்டும் தலைகீழ் 'ப' போல ஒரு சின்னப் பச்சைக் குறி. ஸ்னோடிராப்பில் இது நிவாலிஸ் வகையா, எல்வெசி வகையா?

இலைமக்கு:
அடியில் இலையைப் பாருங்கள். ஒடுங்கிய இரண்டு இலையும் ஒன்றோடொன்று தட்டையாக ஒட்டி வந்தால் நிவாலிஸ். அகலமாக, ஒன்றை இன்னொன்று சுற்றிக்கொண்டு வந்தால் எல்வெசி.