துணி பேனருக்கு எது சரி: சப்ளிமேஷனா, யு.வி.யா, லேட்டக்ஸா?

தறிநிழல்:
வணக்கம். பல வருடமாக எக்கோ சால்வென்ட் (கரைப்பான் மை) மெஷினில் ஃப்ளெக்ஸும் வினைலும் அடித்துக்கொண்டிருக்கிறோம். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் துணிதான் கேட்கிறார்கள். அலுமினிய ஃப்ரேமின் காடியில் சிலிக்கோன் பட்டையைச் செருகி இறுக்குகிற லைட் பாக்ஸ் துணி, கண்காட்சி அரங்குக்குப் பின்திரை, அப்புறம் கொஞ்சம் கொடி. இடமும் பணமும் ஒரே ஒரு மெஷினுக்குத்தான் இருக்கிறது. ஒரு விற்பனையாளர் "ரோல் யு.வி. வாங்குங்கள், துணி, வினைல் எல்லாம் அதிலேயே ஓடும்" என்கிறார். இன்னொருவர் "சப்ளிமேஷன் இல்லாமல் துணி வேலையில் இறங்கவே வேண்டாம்" என்கிறார். தினமும் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

பின்னல்:
இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. காரணம் எளிது. சப்ளிமேஷன் மையில் இருப்பது டிஸ்பர்ஸ் சாயம், பாலியஸ்டரில் பிடிக்கும் வகை. முதலில் பேப்பரில் அடித்து, அதைத் துணியோடு சேர்த்து சூடான டிரம்மில் அழுத்துவோம். 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகாமல் நேராக ஆவியாகிறது. அதே சூட்டில் பாலியஸ்டர் இழையும் இளகி இடம் கொடுக்கிறது. ஆவி உள்ளே போகிறது, துணி ஆறியதும் சாயம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பேப்பரில் அடித்ததைப் பார்த்தால் வெளிறிப்போய், அழுக்குப் பழுப்பாகத் தெரியும். டிரம்மைச் சுற்றி வெளியே வரும்போது சிவப்பு சிவப்பாக இருக்கும். இருபது வருடம் பார்த்தும் எனக்கு அந்த நொடி சலிக்கவில்லை.

யு.வி. மை அப்படி இல்லை. அது துணியின் மேல் உட்கார்ந்து, புற ஊதா விளக்கு பட்டதும் பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும். ஒரு தடவை வேறு இடத்தில் யு.வி.யில் அடித்த பின்திரை ஒன்று எங்களிடம் சரிசெய்ய வந்தது. கருநீலப் பின்னணி, சின்னப் பெட்டியில் எட்டாக மடித்து அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் மடிப்பு விழுந்த ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைக் கோடு. ஸ்டீம் அயர்ன் வைத்தோம். துணியின் சுருக்கம் போனது, கோடு போகவில்லை. படலம் உடைந்துவிட்டது, அதை எதை வைத்து ஒட்டுவது? கடைசியில் புதிதாகவே அடித்துக் கொடுத்தோம்.

ஒளிமை:
பின்னல் சார், அந்தத் திரையை மடித்தவர் மேல் போட வேண்டிய பழியை மெஷின் மேல் போடுகிறீர்கள். யு.வி. துணியைக் குழாயில் சுற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பது அடிப்படை. நீட்சி உள்ள மென்மையான யு.வி. மைகளும் இப்போது இருக்கின்றன, பழைய மையை வைத்து இன்றைய மெஷினை எடை போட வேண்டாம்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். 200 டிகிரி டிரம்மில் ஒரு நிமிடம் கிடந்த பாலியஸ்டர் சுருங்கும். ஒரு சதவீதம் சுருங்கினாலே 3 மீட்டர் துணி 3 சென்டிமீட்டர் குறையும். சிலிக்கோன் பட்டை வைத்த துணியில் அது சாதாரணப் பிழை இல்லை, ஃப்ரேமில் ஏறவே ஏறாது. யு.வி.யில் அந்தச் சூடே கிடையாது. அடித்த அளவுதான் வெட்டும் அளவு.

அதோடு சப்ளிமேஷனுக்கு பிரிண்டர் மட்டும் போதாது. காலண்டர் மெஷின், அதாவது அந்தச் சூட்டு டிரம் உள்ள மெஷின் வேண்டும். அது ஏறக்குறைய பிரிண்டர் அளவுக்கே இடம் பிடிக்கும், மின்சாரத்தை இழுக்கும், காலையில் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும், கிளம்பும் ஆவியை வெளியேற்ற வழி செய்ய வேண்டும். "ஒரே ஒரு மெஷின்" என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறாரே! பருத்தித் துணி கேட்டால் என்ன செய்வார்? சாதாரண சப்ளிமேஷன் சாயம் பருத்தியில் நிற்காது, ஒரு சலவையில் போய்விடும். யு.வி.க்கு எல்லாத் துணியும் ஒன்றுதான். கறுப்புத் துணி வந்தால் வெள்ளை மையும் இருக்கிறது.

பின்னல்:
சுருக்கம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது அளந்து சமாளிக்கக்கூடிய விஷயம். புது ரோல் வந்ததும் ஒரு மீட்டர் சதுரம் அடித்து, சூட்டில் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு அளந்து பாருங்கள். நீளவாக்கில் ஒரு அளவும் அகலவாக்கில் வேறொரு அளவும் குறைந்திருக்கும். அந்த இரண்டு எண்ணையும் ரிப் மென்பொருளில் (ஃபைலை பிரிண்டருக்குத் தயார் செய்வது) தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ரோல் மாறினால் மறுபடி அளக்க வேண்டும். அதே கம்பெனி, அதே பெயர், அதே கிராம் எடை என்று நம்பி நான் ஒருமுறை அளக்காமல் விட்டேன். ஒன்பது துணியும் குட்டையாகிப் போயின. அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ரோல் அட்டையிலேயே இரண்டு எண்ணும் எழுதியிருக்கும்.

பருத்தி பற்றிச் சொன்னதும் சரி. ஆனால் லைட் பாக்ஸுக்கும் பின்திரைக்கும் பருத்தி கேட்பவர் எத்தனை பேர்? விளம்பரத் துணி உலகம் ஏறக்குறைய முழுக்க பாலியஸ்டரில்தான் ஓடுகிறது.

கொடிமரம்:
நீங்கள் இருவரும் கொடியை மறந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் தொழில், அதனால் குறுக்கே வருகிறேன்.

கொடிக்கு யு.வி. ஆகவே ஆகாது. காற்றில் நாள் முழுக்கப் படபடக்கிற துணியில் எந்தப் படலமும் நிற்காது. ஆனால் பின்னல் சொல்கிற பேப்பர் முறையும் கொடிக்கு முழுப் பதில் இல்லை. பேப்பரிலிருந்து ஏறும் சாயம் பெரும்பாலும் மேல்பக்கத்தோடு நின்றுவிடும், பின்பக்கம் வெளிறும். கொடியை இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். அதற்குத் துணியிலேயே நேரடியாக அடித்து, பிறகு சூட்டில் நிலைப்படுத்தும் முறைதான் வேண்டும். மை ஈரமாகவே உள்ளே இறங்குவதால் மறுபக்கம்வரை நிறம் போகும். அதற்கென்று பூச்சு போட்ட துணி வாங்க வேண்டும். எழுத்தின் விளிம்பு பேப்பர் அளவுக்குக் கூர்மையாக இருக்காது. ஆனால் கொடியைக் கையில் வைத்தா படிக்கிறார்கள்?

வெயில் விஷயத்தில் சப்ளிமேஷன்காரர்கள் கொஞ்சம் அடக்கமாகப் பேச வேண்டும். டிஸ்பர்ஸ் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். பல வெளிப்புற மைகளில் இருக்கிற பிக்மென்ட் (கரையாத நிறத்தூள்) அதைவிட நன்றாகத் தாங்கும். மை வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 105-பி02 முறையில் சோதித்த எண்ணைக் கேளுங்கள். நீலக் கம்பளி அளவுகோல், 1 முதல் 8 வரை. ஒரு படி கூடினால் தாங்கும் காலம் ஏறக்குறைய இரட்டிப்பு. 4-க்கும் 6-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று நினைத்தால் ஏமாறுவீர்கள்.

ஒளிமை:
கொடி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் லேட்டக்ஸையும் பார்க்கலாமே? எச்.பி. 2008-இல் கொண்டுவந்தது. தண்ணீர் அடிப்படையிலான மை, மெஷினுக்குள்ளேயே சூட்டில் இறுகிவிடும், தனியாகக் காலண்டர் வேண்டாம், யு.வி. அளவுக்கு வாசனையும் இல்லை. மடிப்பையும் யு.வி.யைவிட நன்றாகத் தாங்கும். தறிநிழலின் வினைல் வேலையும் அதிலேயே நடக்கும்.

பின்னல்:
நடக்கும். ஆனால் சல்லடை மாதிரி இடைவெளி உள்ள துணியைப் போட்டால் மை துளைவழியே கீழே இறங்கி மெஷினில் படியும். மை வாங்கும் தட்டு மாட்ட வேண்டும், அல்லது பின்னால் பேப்பர் ஒட்டிய துணி வாங்க வேண்டும். தொடும்போது துணி மாதிரி இருக்காது என்பதும் உண்டு. மறுபடியும் சொல்கிறேன், அதுவும் மேலேதான் உட்காருகிறது.

விளக்கடி:
நான் பிரிண்ட் அடிப்பவன் இல்லை. அடித்து வருவதை மாட்டுகிறவன். இரவு ஒன்பது மணிக்கு மேல் கடை மூடியபின் ஏணியில் நிற்கிற ஆள் எதைப் பார்க்கிறான் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் மூலை. லைட் பாக்ஸ் துணியை மாட்டும்போது நான்கு மூலையையும் முதலில் காடிக்குள் திணிப்போம், அப்புறம் ஒவ்வொரு பக்கத்தின் நடுவை, அதன்பிறகு மிச்சத்தைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவோம். மூலையில்தான் துணி அதிகமாக இழுபடும். யு.வி. படலம் கனமாக இருந்தால் அந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு விடும். விளக்கு அணைந்திருக்கும்போது தெரியாது. விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு வெடிப்பும் ஊசிக்குத்து மாதிரி ஒளிரும். அந்த நேரத்தில் என்னிடம் மாற்றுத் துணி இருக்காது.

இரண்டாவது தையல். இதை இங்கே யாருமே பேசவில்லை, எனக்கு அது ஆச்சரியம். நான் பார்த்த கோளாறுகளில் பாதி பிரிண்டில் இல்லை, விளிம்பில் இருந்தது. சிலிக்கோன் பட்டையைத் தைக்கும்போது தைப்பவர் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும், அந்தப் பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன அலையாகச் சுருக்கம் விழும். எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. யு.வி. துணியில் ஊசி இறங்குகிற வரிசையில் மை செதிலாக உதிர்வதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கறுப்பு. மேஜையில் பார்க்கும்போது அருமையாக இருக்கும் கறுப்பு, பின்னால் எல்.இ.டி. எரிந்ததும் சாம்பலாகிவிடும். ஊடுருவும் ஒளியில் பார்க்கிற துணிக்கு மை அடர்த்தி அதிகம் வேண்டும், கலர் புரொஃபைலே (எந்த நிறத்துக்கு எவ்வளவு மை என்கிற அமைப்பு) தனியாகப் போட வேண்டும். முன்னால் விளக்கு படுகிற பின்திரைக்குப் போட்ட புரொஃபைலை வைத்து லைட் பாக்ஸ் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதில் யு.வி.க்கு ஒரு நல்ல குணம் உண்டு, மேலே மேலே இரண்டு அடுக்கு அடித்து அடர்த்தியை ஏற்றலாம். நியாயத்துக்காகச் சொல்கிறேன்.

நெருப்பு. பொது இடங்களில் மாட்டுவதற்கு முன்பே சான்றிதழ் கேட்பார்கள். இடத்தைப் பொறுத்து ஜெர்மனியின் டி.ஐ.என். 4102 பி1, அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 701 என்று வெவ்வேறு தரம். பலரும் வெறும் துணியின் சான்றிதழை நீட்டுகிறார்கள். மை ஏறியபின் எரியும் விதம் மாறலாம், அதனால் அச்சிட்ட துணிக்கும் அது செல்லுமா என்று துணி விற்பவரிடமும் மை விற்பவரிடமும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒளிமை:
விளக்கடி அண்ணா, மூலை வெடிப்பு நானும் பார்த்ததுதான். நீட்சி மையும் குறைந்த அடர்த்தியும் வைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் நீங்களே சொல்கிறபடி லைட் பாக்ஸுக்கு அடர்த்தி வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த இடத்தில் யு.வி. பலவீனம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் சப்ளிமேஷனைக் கோளாறே இல்லாத முறையாகக் காட்ட வேண்டாம். பேப்பரும் துணியும் சூட்டில் ஒரு துளி நகர்ந்தால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். துணியை டிரம்மோடு அழுத்துகிற ஃபெல்ட் பட்டையில் முந்தின வேலையின் சாயம் ஒட்டியிருந்தால் அடுத்த வேலையின் வெள்ளையில் வந்து பதியும். காற்றில் ஈரம் ஏறினால் பேப்பர் நெளிந்து, மை தெளிக்கும் ஹெட்டில் உரசும். ஒவ்வொரு மீட்டர் துணிக்கும் ஒரு மீட்டர் பேப்பர் குப்பைக்குப் போகிறது.

தறிநிழல், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தினமும் எத்தனை மீட்டர் துணி ஓடும்? வாரத்துக்கு இரண்டு வேலைக்காக ஒரு காலண்டரைச் சூடேற்றுவது நட்டம். ஓடாமல் நிற்கிற ஹெட்டும் அடைத்துக்கொள்ளும்.

தறிநிழல்:
இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஒளிமை கேட்ட பிறகுதான் உட்கார்ந்து பழைய ஆர்டர்களை எண்ணிப் பார்த்தேன். துணி வேலையில் முக்கால்வாசி லைட் பாக்ஸ். சீசன் மாறும்போது துணியை மட்டும் மாற்றுகிறார்கள். ஃப்ரேம் அங்கேயே இருக்கும், நாங்கள் துணியை மடித்து அனுப்புவோம், கடை ஊழியர்களே மாட்டிக்கொள்வார்கள். குழாயில் சுற்றி அனுப்ப வழி இல்லை. தினமும் ஓடும் அளவுக்கு வேலையும் இன்னும் இல்லை.

அதனால் இப்போதைக்கு மெஷின் வாங்குவதை நிறுத்தி வைக்கிறேன். சப்ளிமேஷனை வெளியே அடித்து வாங்கலாம் என்று நினைக்கிறேன். தையல் மட்டும் எங்கள் கையில் இருக்கட்டும், பட்டை தைக்கிற மெஷினை முதலில் வாங்குகிறேன். வெளியே கொடுக்கும்போது எதை வைத்து அவர்களைச் சோதிப்பது?

பின்னல்:
நல்ல முடிவு. ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு ஃபைல் செய்யுங்கள். நான்கு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் கோடு, அளவு பார்க்க. நடுவில் பெரிய கறுப்புக் கட்டம், பக்கத்தில் தோல் நிறம், வெளிர் சாம்பலிலிருந்து அடர் சாம்பல்வரை ஒரு படிவரிசை. கறுப்புக்குள் வெள்ளையில் பொடி எழுத்து, நிழல் விழுகிறதா என்று அதில்தான் தெரியும். வந்ததும் மடித்து மேலே கனமான ரோல் ஒன்றை ஒரு இரவு வையுங்கள். காலையில் உங்கள் லைட் பாக்ஸிலேயே மாட்டி விளக்கைப் போட்டுப் பாருங்கள், மேஜையில் வைத்துப் பார்க்காதீர்கள். மூன்று வாரம் கழித்து அதே ஃபைலை மறுபடி கொடுங்கள். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் அவர்கள் ரோல் மாறும்போது அளக்கிறார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

ஒளிமை:
அதே ஃபைலை யு.வி.யில் ஒரு துண்டும் அடித்து வாங்குங்கள், தறிநிழல். மடிக்காமல் வாங்குங்கள். முன்னால் விளக்கு படுகிற நிரந்தரச் சுவர்த் துணிக்கு ஆர்டர் வரும் நாளில் இரண்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போது பேசுவோம்.

விளக்கடி:
தைக்கும்போது பட்டையைத் துணியின் நான்கு பக்கத்திலும் மூலையிலிருந்து மூலைக்குத் தனித்தனியாக வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். மூலையில் பட்டையை வளைத்துத் தொடர்ந்து தைத்தால் காடிக்குள் போகாது, மாட்டுகிறவரின் விரல்தான் கிழியும்.