பிங் ஜி430 மேக்ஸ் 10கே-யா, டெய்லர்மேட் கியூஐ10 மேக்ஸா?

அடையார்_வலக்கை:

வணக்கம். கோல்ஃபில் எட்டு வருடமாக ஒரே டிரைவரோடு (டீ ஷாட்டுக்கான, அதாவது ஒவ்வொரு குழியிலும் முதல் அடிக்கான பெரிய மட்டை) ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முகப்புச் சாய்வு (லாஃப்ட்) 9 டிகிரி, ஸ்டிஃப் ஷாஃப்ட் (விறைப்பான தண்டு), யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியது. ஹேண்டிகேப் 22 (சுமாரான ஆட்டக்காரன்தான்), ஸ்விங் வேகம் மணிக்கு 88 மைல் என்று போன மாதம் அளந்து சொன்னார்கள். பத்து டீ ஷாட்டில் ஆறு வலப்பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடுகிறது.

2025-ல் பிங் ஜி440, டெய்லர்மேட் கியூஐ35 எல்லாம் வந்துவிட்டதால் முந்தைய மாடல்கள் கொஞ்சம் விலை இறங்கியிருக்கின்றன, அதில் தலைப்பில் உள்ள இரண்டில் ஒன்றை வாங்கலாம் என்று இருக்கிறேன். மே மாதம் ஊட்டியில் மச்சானுடைய பிங்கை ஒரு ரவுண்டு முழுக்க அடித்தேன், நன்றாகப் பட்ட பந்துகள் 235 யார்டு போயின. டெய்லர்மேட்டை இங்கே சென்னையில் ஒரு ரேஞ்சில் (பயிற்சித் திடல்) ஒரு கூடை பந்து அடித்துப் பார்த்தேன், 210-ஐத் தாண்டவில்லை. 25 யார்டு வித்தியாசம் என்றால் பிங் என்றே முடிவு செய்துவிடலாமா?

கோவை_பதினெட்டு:

நான் 10கே-யை ஒரு வருடமாக வைத்திருக்கிறேன், மனதாரப் பரிந்துரைப்பேன். இரண்டுமே 2024-ல் ஒரே வாக்குறுதியோடு வந்தவை: எம்ஓஐ, அதாவது பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே அதுதான், இரண்டு அச்சுக்கும் சேர்த்து 10,000 கிராம் சதுர சென்டிமீட்டர். (விதிப்படி கிடைமட்டத் திருப்பலுக்கு மட்டும் 5,900 என்று உச்ச வரம்பு உண்டு, அதனால்தான் கம்பெனிகள் இரண்டையும் கூட்டிச் சொல்கின்றன.) எடையைப் பின்னால் தள்ளி வைத்திருப்பதால் பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. டோ பக்கம் (தலையின் வெளி நுனி) பட்ட ஷாட் முன்பெல்லாம் செத்துப்போகும், இப்போது பாதி நேரம் ஃபேர்வேயிலேயே (நடுவில் வெட்டிய புல்வெளி) கிடக்கிறது. பிங்கின் ஃபேஸ் (பந்தில் படும் முகப்பு) டைட்டானியம், டெய்லர்மேட்டினுடையது கார்பன், அதனால் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அது பழகிவிடும்.

நீலகிரிக்_காற்று:

அண்ணா, அந்த 25 யார்டைத் தயவுசெய்து கணக்கில் எடுக்காதீர்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், காற்று அடர்த்தி குறைவு, பந்தை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஒரு சதவீதம் தூரம் கூடும் என்று தோராயமாக வைத்துக்கொண்டாலே ஏழெட்டு சதவீதம் வந்துவிடுகிறது. உங்கள் 235 சென்னையில் 218 பக்கம் நிற்கும். மீதி இருக்கும் எட்டு யார்டை அடிபட்டுத் தேய்ந்த ரேஞ்ச் பந்தே சாப்பிட்டிருக்கும். நான் இங்கேயே விளையாடுகிறவன், கீழே இறங்கும்போதெல்லாம் ஒரு கிளப் கூடுதலாக (இன்னும் தூரம் அடிக்கும் மட்டையாக) எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒரே பந்தில் அடியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிட்டது டிரைவர்களை அல்ல, ஊர்களை.

பழைய_டீ:

சார், ஸ்லைஸ் (பந்து இப்படி வலப்பக்கம் வளைவது) பற்றி யாருமே பேசவில்லையே. ஸ்விங் போகும் திசையைவிட ஃபேஸ் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். அதை எம்ஓஐ சரிசெய்யாது, எவ்வளவு பெரிய தலை என்றாலும் திறந்த ஃபேஸ் திறந்த ஃபேஸ்தான். நீங்கள் சொன்ன இரண்டிலும் எடையை நகர்த்த முடியாது. சாதாரண ஜி430 மேக்ஸில் பின் எடையை டிரா பக்கம் (பந்தை இடப்பக்கம் வளைக்க உதவும் பக்கம்) மாற்றலாம், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய டிரைவரின் ஃபேஸில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவி, ஒரு டஜன் பந்து அடித்து, ஒவ்வொரு அடிக்கும் தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தடம் நடுவில் இருந்தும் பந்து வளைந்தால் அது ஸ்விங் பிரச்சினை, கோச்சிடம் போக வேண்டியது. ஹீல் பக்கம் (தலையில் தண்டை ஒட்டிய பக்கம்) விழுந்தால் கதை வேறு.

அடையார்_வலக்கை:

ஊட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை தம்பி, நன்றி. இன்று காலை பவுடர் போட்டுப் பார்த்தேன். 12 பந்தில் 8 ஹீல் பக்கம், அதிலும் மூன்று கிட்டத்தட்ட ஷாஃப்டை ஒட்டி. இதற்கு என்ன அர்த்தம்?

பழைய_டீ:

அப்படியானால் நல்ல செய்தி சார். ஹீலில் பட்டால் ஹீல் பக்கம் பின்னுக்குப் போய்த் தலை திரும்புகிறது, பந்து பல்சக்கரம் மாதிரி எதிர்ப்பக்கம் சுழல்கிறது, வலக்கைக்காரருக்கு அது ஸ்லைஸ் சுழற்சி. உங்கள் வளைவில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. தலை குறைவாகத் திரும்பினால் இந்தச் சுழற்சியும் குறையும், ஆக நீங்கள் தேடிய அதிக எம்ஓஐ உங்களுக்கு உண்மையிலேயே உதவும். பந்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி நின்றும் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது.

88 மைல் வேகத்துக்கு 9 டிகிரியும் ஸ்டிஃப் ஷாஃப்டும் பெரும்பாலும் பொருந்தாது. பிங்கோ டெய்லர்மேட்டோ, 10.5 அல்லது 12 டிகிரியில் ரெகுலர் (கொஞ்சம் வளையும்) ஷாஃப்டோடு கேளுங்கள். ஸ்லீவில் (தண்டு தலையோடு சேரும் இடத்தில் திருப்பிப் பொருத்தும் உறை) லாஃப்டைக் கூட்டினால் ஃபேஸும் சற்று மூடும், அதுவும் உங்கள் பக்கம்தான்.

கோவை_பதினெட்டு:

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆன்லைனில் போலி டிரைவர் வாங்கி, இரண்டாவது ரவுண்டிலேயே ஃபேஸ் வெடித்துப்போனது.

அடையார்_வலக்கை:

சனிக்கிழமை இரண்டையும் ஒரே ரேஞ்சில், ஒரே பந்தில், 10.5 ரெகுலர் ஷாஃப்டில் இருபது இருபது அடித்தேன். ஒரு அங்குலம் தள்ளித்தான் நின்றேன். தூரத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. வலப்பக்கம் தொலைந்தவை பிங்கில் மூன்று, டெய்லர்மேட்டில் ஐந்து. அது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் கீழே வைத்துப் பார்க்கும்போது பிங் எனக்கு நேராக நிற்கிற மாதிரித் தெரிகிறது, அந்த நம்பிக்கை எனக்கு இப்போது ரொம்பத் தேவை. டீலரிடம் 10கே-க்குச் சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை வருகிறது.